தில்லையடியில் கெமரா விற்ற ஜெஸீமா ராத்தா

போன மாதம் சிலாபத்தில் ஒரு ஸ்டூடியோவில் நின்றபோது ரஹீம் நானா அழைத்தார். "தம்பி, ஜெஸீமா மௌத்தாகிட்டா. அங்கேயே அடக்கிட்டாங்க" என்றார். வீட்டு வேலைக்கென்று வளைகுடாவுக்குப் போன மனைவியின் முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவில்லை. புத்தளம் தில்லையடியில் ஜெஸீமா ராத்தாவிடம் கெமரா வாங்கிய உங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் உடப்பைச் சேர்ந்தவன். கொழும்பு இறக்குமதிக் கொம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. முதல் நாள் ராத்தாவின் கடையில், நாட்டிலேயே அதிகம் விற்கும் மார்க் எங்களுடையது என்று ஒப்புவித்தேன். அவர் சிரித்தார். "முதலாவது மார்க் எண்டு ஒண்டு இல்ல தம்பி. ஆருக்கு விக்கிறோம் எண்டு பாருங்க." வீட்டுக்காரர்கள் சவூதியிலிருந்து சகோதரன் கொண்டுவந்த மார்க்கையே கேட்பார்கள். கல்யாணப் படக்காரர்கள் கையிலுள்ள லென்ஸுக்காக மார்க் மாறமாட்டார்கள். கற்பிட்டியில் கடல் விளையாட்டுப் பழக்குபவர்களுக்குத் தண்ணீர் புகாத சின்னக் கெமரா போதும். எங்கள் கொம்பனியின் அறிக்கைகள் பிழைத்த இடங்களில்கூட அவர் கணிப்புப் பிழைத்ததில்லை.

மக்காவுக்கு உம்ரா போகவிருந்த பள்ளிவாசல்துறை ஊர்க்காரர் ஒருவர் சின்னக் கெமரா கேட்டு வந்தார். ராத்தா அவருடைய போனை வாங்கி, அவரையே படமெடுத்துக் காட்டினார். "இது காணும் நானா. கெமராவ வாங்கி அலுமாரிக்குள்ளதான் வைப்பீங்க." அவர் போனதும் எனக்குக் கோபம் வந்தது.

"இப்பிடிச் சொன்னா நான் எப்பிடி ராத்தா விக்கிறது?"

"சின்னக் கெமராட காலம் முடிஞ்சு தம்பி. நாம சொல்லாட்டியும் முடிஞ்சுதான்."

பிறகு கல்யாணக் கெமராக்களை நம்பித்தான் கடை நடந்தது. அதிலும் மாற்றம் வருவதை அவர்தான் முதலில் கண்டார். உள்ளே கண்ணாடி இல்லாத, பாரம் குறைந்த புதுவகைக்குப் படக்காரர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். "லென்ஸோட சேத்தே மாத்துறாங்க. பழைய வகை இனி வேணாம்" என்றார். எனக்கோ வருட இலக்கு முடியவில்லை. பழைய வகையைத் தயாரிப்பாளர்கள் கைவிடப்போகும் செய்தி வந்த கடிதம் என் பையில் இருந்தது. "இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் ராத்தா" என்றேன்.

அவர் ஓடர் தாளை வாங்கிக் கையெழுத்திட்டார். "நீங்க சொன்னா எடுக்கிறேன்."

ஒன்றும் விற்கவில்லை. கொம்பனி திருப்பி எடுக்க மறுத்தது. படக்காரர்கள் புதுவகை வைத்திருந்த புத்தளம் டவுன் கடைகளுக்குப் போனார்கள். ராத்தா கடையை மூடினார். வளைகுடாவுக்குப் போக அவர் விமான நிலையம் புறப்பட்ட காலையில் உண்மையைச் சொல்லத்தான் போனேன். "விக்காத கெமராப் பொட்டிகள்ல ஈரம் ஏறாமப் பாக்க இவர்ட்ட சொல்லியிருக்கேன்" என்றார். நான் அவருடைய பையை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

மௌத்தாவதற்குச் சில வாரங்களுக்கு முன் அங்கிருந்து அழைத்தார். "இங்க பெரிய கடையிலயும் போன்தான் தம்பி. கெமராவுக்கு ஒரு மூலைதான். அந்தப் பழைய வகைய எடுக்காட்டியும் என்ட கடை எப்பிடியும் மூடித்தான் இருக்கும். நீங்க அத நெனச்சுக் கவலப்படாதீங்க."

நான் மறைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஓம் ராத்தா" என்றேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

டவுனில் அந்தக் கடைகள் இன்றும் திறந்திருக்கின்றன. நேற்றும் ஒன்றில் ஓடர் எடுத்தேன். புதுவகைக்கு மாறியிருந்தால் ராத்தாவுடையதும் திறந்திருக்கும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஜெஸீமா ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான்.