செருப்பில் ஒட்டிய மணல்

வெரோனிகா டீச்சருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பார், பக்கத்து வீட்டுக்காரியான நானும் ஏதோ மறைக்கிறேன் என்பார். மகள் லிசாவிடம்தான் உச்சம். கல்லூரி விட்டு வந்தவளின் செருப்பைக் கவிழ்த்துத் தரையில் தட்டுவார். சாந்தோமில் கடற்கரை கூப்பிடு தூரம். மணல் உதிர்ந்தால் ஒரே கேள்விதான்: “யார் கூட?”

தொண்ணூற்று நான்கு கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் ஹாலில் லிசா எழுதிய நாடகம் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அம்மாக்களும் மகள்களும் என்று கதை. எழுதியதை அவள் வீட்டில் காட்டவேயில்லை.

“எவனோ இருக்கான் தேவானை. அதான் மறைக்கிறா. நீயும் வா” என்று என்னை முன்வரிசைக்கு இழுத்துப் போனார்.

முதல் காட்சியில் ஒரு அம்மா மகளின் பின்னலை மோந்து பார்த்தாள்.

“எங்கம்மா செஞ்சத இவளுக்கு யார் சொன்னது?” என்று டீச்சர் என்னை முறைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த காட்சியில் அந்த மகளே அம்மாவாகியிருந்தாள். அந்த வேஷம் லிசாவுக்கு. தன் மகளாக நடித்த பெண்ணின் செருப்பை எடுத்துத் தட்டினாள். ஹால் சிரித்தது. தட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. “யார் கூட?”

ஹாலே அதிர்ந்து சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடையில் மகளாக நடித்த பெண் டீச்சரைப் பார்த்தே பதில் சொன்னாள். “யாரும் இல்லம்மா. வீட்ல நீ என்னையே பாத்துக்கினு இருக்க. அதான் தனியா போய் உக்காந்துட்டு வந்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

வீடு வந்ததும் டீச்சர் வாசலில் லிசாவை நிறுத்தினார்.

“வசனம் நிஜமாவே மறந்துடுச்சா? இல்ல, நான் கேப்பேன்னு வேணும்னே நின்னியா?”

லிசா செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினாள். “அந்த எடத்துல வசனமே எழுதலம்மா. நீ கேப்பேன்னு தெரியும்.”

டீச்சர் செருப்பைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அறிந்தவரை அவர் சந்தேகப்பட்டது சரியாகப் போனது அந்த ஒரு முறைதான்.