வினிகர் வாடை

எனக்கு மூன்றாம் மாதம் என்று தெரிந்ததும் ஆய்வு வழிகாட்டி சொல்லிவிட்டார்: "இனிமே அந்தக் கரைப்பான் பக்கமே வராதீங்கம்மா. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

ராமநாதபுரத்தில் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்து, வாயுக்களைப் பிடித்து வைக்கும் நுண்துளைப் படிகங்கள் செய்வது எங்கள் வேலை. அதற்கு இரண்டையும் அந்தக் கரைப்பானில் போட்டு ஒரு நாள் முழுக்கச் சூடாக்க வேண்டும். அது இல்லையென்றால் எனக்கு வேலையே இல்லை. அன்று வீட்டுக்கு, அக்காள்மடம் போகும் பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்வரை அழுதேன்.

மறுநாள் உடன் படித்த தோழி ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வந்தாள். ஆர்.எஸ்.மங்கலத்து விவசாய வீட்டுப் பெண்.

"ஏடி, கரைக்கவே வேணாமாம். ரெண்டையும் சேத்து அரைச்சாப் போதுமாம். நான் அரைக்கேன். நீ அங்கன உக்காந்து எழுது."

செம்பு அசிடேட்டையும் ஒரு கரிம அமிலத்தையும் நிறுத்து, கல்வத்தில் போட்டு அரைத்தாள். முதல் நாள் கை கடுத்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள், தூள் லேசாக ஈரமாகும் அளவுக்கு மட்டும் நாலைந்து சொட்டு எத்தனால் விட்டு ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில் எனக்கு எந்த வாடையும் ஆகாது. மீனவக் குடும்பத்தில் பிறந்தவள், மீனைக் கண்டாலே வாந்தி. கதவோரம் நோட்டுடன் உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது.

"வினிகர் வாடை வருதுடி!"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"வருது. நிறுத்தாத, அரை."

கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் வந்தது. அசிடேட் பிரிந்து, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலமாக வெளியேறுகிறது. அப்படியானால் அந்த இடத்தில் செம்பு அந்தக் கரிம அமிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரும்பச்சைத் தூள் எங்கள் கண் முன்னால் வெளிர்நீலமானது. முகக்கவசத்தோடு அவள் என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். கை முழுக்கத் தூள் என்று நான் விரட்டினேன்.

உண்மையில் அது எங்கள் படிகம்தானா என்று எக்ஸ்ரே பார்க்க மதுரைக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் மாதாந்தரப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது தோழியின் போன் வந்தது.

"ஏடி, எக்ஸ்ரேல ஒரு கோடுகூட விலகலடி! அச்சு அசலா அதேதான்!"

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். நர்ஸ் முறைத்தார். முன்னால் நின்ற நிறைமாதக்காரி திரும்பினாள்.

"என்ன தாயி, நல்ல சேதியா?"

"ஆமாக்கா. கரைப்பான் இல்லாம அரைச்சே செஞ்சுட்டோம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சிரித்தாள்.