எழுந்து ஓடிய அட்டை நாய்

பிரெஞ்சுக்காரன் காலம். பாகூரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். புதுச்சேரி கொட்டகையில் கார்ட்டூன் படம் பார்த்துவிட்டு வந்த வெறியில், நானும் மளிகைக்கடை காசிமும் ஊரில் பொம்மைப்படம் காட்டினோம். என் வகுப்புப் பிள்ளைகள் உயிராய் நினைத்த பிரெஞ்சு நாவல்தான் கதை. அட்டையில் உருவங்கள் வெட்டி, வேட்டித் திரைக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் வைத்து அசைத்தோம். எதையும் மாற்றக் கூடாது என்று காசிமிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தேன்.

கதையின் முடிவில், ஒரு சிறுமியைக் காப்பாற்றிய நாய் வெள்ளத்தில் செத்துப்போகும். அதோடு முடித்தோம். யாரும் எழுந்து போகவில்லை. எட்டிப் பார்த்தால், ஒரு அம்மா திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வேட்டி பத்திக்கும்மா!" என்று கத்தினேன்.

"கூத்துல செத்தவனக் கற்பூரம் காட்டி எழுப்புவாங்க இல்ல? நாய எழுப்புங்க வாத்தியாரே, வூட்டுக்குப் போறோம்."

"புத்தகத்துல அப்படி இல்லம்மா."

கதையை மனப்பாடமாய்ச் சொல்லும் என் பிள்ளைகளைத் துணைக்குப் பார்த்தேன். அவர்கள்தான் பலமாகக் கத்தினார்கள்: "எழுப்புங்கய்யா!"

நாய் என் கையில்தான் இருந்தது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடவிட்டேன்.

பிறகும் வகுப்பில் அந்த நாவலை வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் நாய் செத்துத்தான் போனது. புத்தகத்தை மூடியதும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து வந்து, என் மேசையில் கிடக்கும் அட்டை நாயை நிமிர்த்தி வைக்கும். நான் தடுத்ததே இல்லை.