சிலிண்டருக்கு என்று நினைத்த ஓடிபி

நான் தொடர்கதை எழுதும் செயலியில் கட்டில் சமாச்சாரம் வரும் அத்தியாயங்களுக்குப் பூட்டு போட்டபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். சட்டம் கெடுபிடி ஆகிவிட்டதாம். பெரியவர் ஒருவர் தன் போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால்தான் திறக்கும். எழுதுவது புனைபெயரில். ராயபுரத்தில் மாதா கோயில் பாட்டுக்குழுவில் நிற்கிறவள்தான் இதையும் எழுதுகிறாள் என்று ஈ காக்கைக்குத் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் பயம்.

எங்கள் வீட்டில் ஓடிபி என்றாலே கேஸ் சிலிண்டர்தான். வாசலில் ஆள் வந்ததும் யாராவது உள்ளே பார்த்துக் கத்துவோம். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் அரைத்தூக்கத்திலேயே தன் போனில் வந்த நம்பரைப் படிப்பார். அந்தச் சனிக்கிழமை காலையும் மகள் கேட்டாள், அவர் படித்தார்.

மத்தியானம் சிலிண்டர்காரர் வந்து நம்பர் கேட்டார். காலையிலேயே கொடுத்தாச்சே என்றேன். நான் இப்போதுதானே வருகிறேன் என்றார் அவர். வீட்டுக்காரரின் போனை வாங்கிப் பார்த்தேன். காலையில் வந்திருந்தது அந்தச் செயலியின் செய்தி.

அவரைக் காய்ச்சி எடுத்தேன். "எனக்கு இன்னா தெரியும்? கேஸுன்னு நென்ச்சேன்," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

மகளிடம் வாய் திறக்கவில்லை. கேட்டால் நானே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அவள் போனும் கையுமாக இருக்கும்போதெல்லாம் எந்த அத்தியாயமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொடரின் பெயரைச் சொல்லி, அது நீ எழுதுவதுதானே என்றாள். அதில் வரும் அம்மா திட்டுவதெல்லாம் நான் திட்டுகிற மாதிரியே இருக்கிறதாம். என் முகமே பதில் சொல்லியிருக்கும். அவமானத்தில் தலை குனிந்துகொண்டேன்.

"பூட்டு போட்டதுல ஒண்ணும் இல்லம்மா, படிக்காம தள்ளிக்கினு போயிட்டேன்," என்றாள். "உன் கதையில புருசன் அவள அறையறான். அடுத்த வாரமே அவ அவனுக்கு மீன் வறுத்துப் போடறா. அதுக்கு ஓடிபியே கேக்கல. எட்டாங்கிளாஸ்லயே அத படிச்சிட்டேன். கட்டிக்கினவன் அடிச்சா பொறுத்துக்கினு போவணும்னு நென்ச்சிக்கினு இருந்தேன்."