கடைசி அறையின் கதவு

இது நடந்தது. நடந்தது பொன்செல்விக்கு. இட்டுக்கட்டிச் சொல்வதென்றால் பாழடைந்த பங்களா ஒன்றைத் தேடிப் போயிருக்கலாம். பெண்பிள்ளைகளின் கழிப்பறையைப் போய் யாராவது கதைக்கு எடுப்பார்களா? நம்பாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசி வரை படியுங்கள்.

திருநெல்வேலிக்கு வெளியே, டவுன் பஸ் திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்த அரசு மேல்நிலைப் பள்ளி. வயலுக்கு நடுவே பையன்களுக்கு மட்டும் என்று ஓட்டுக் கட்டடத்தில் ஆரம்பித்தது. வயலெல்லாம் பிளாட்டாகி வீடுகள் வந்த பிறகு பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அவர்களுக்கும் வயிறு என்று ஒன்று உண்டு என்பது நாலைந்து வருஷம் கழித்துத்தான் யாருக்கோ நினைவு வந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி மூன்று அறைகள் எழும்பின. முன்பக்கம் பெரிய வளைவு, அதில் நன்கொடையாளர் பெயர்கள், நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளக்ஸ். பின்பக்கம் இந்த மூன்று அறைகள்.

குழாயில் தண்ணீர் வராது. ஜன்னல் கம்பிகளில் பழைய நாப்கின்கள் செருகிக் கிடக்கும். மதியம் சத்துணவு சாம்பாரின் வாசனையோடு அந்த வாடையும் சேர்ந்தே வரும். இரண்டையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அதனால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்கள். உதடு வெடித்தாலும் குடிக்கமாட்டார்கள்.

கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவின் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பொன்செல்விக்குப் பிடிப்பவள் ஹம்னா. ஹம்னாவுக்குப் பொன்செல்வி. எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு.

டீச்சர்களின் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி, கணக்குப் பாடம் எடுக்கும் சாரம்மாள் டீச்சரின் கைப்பையில் இருக்கும். அதே பள்ளியில் படித்து அங்கேயே டீச்சராக வந்தவர் என்று ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தாம் வகுப்புக்கு மாலையில் கணக்கு சிறப்பு வகுப்பு. ஹம்னா அன்று வரவில்லை. பொன்செல்விக்கோ விலக்கின் இரண்டாம் நாள். மதியத்திலிருந்து அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகிவிட்டது.

எழுந்து நின்று கேட்டாள்.

"பத்தாங்கிளாஸ் புள்ளதான நீ? அடக்கிக்கிடத் தெரியாதாட்டி?" என்றார் டீச்சர். பையன்கள் பக்கம் சிரிப்பு.

ஆறு மணிக்கு வகுப்பு விட்டது. ஆறே காலுக்குப் பஸ். அதை விட்டால் எட்டு மணிக்குத்தான். ஏற்கனவே இரண்டு முறை விட்டிருந்தாள். இன்னொரு நாள் இருட்டி வந்தால் பள்ளிக்கூடமே கிடையாது என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

"நீ போயிட்டு ஓடியா. நாங்க பஸ்ஸ நிப்பாட்டுதோம்" என்று மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பொன்செல்வி தனியாகப் பின்பக்கம் போனாள்.

முதல் அறை நிரம்பி வாசல் வரை வழிந்திருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். கடைசி அறைக்கு யாரும் போவதே இல்லை. நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புதரும், எப்போதும் தேங்கி நிற்கும் கறுப்புத் தண்ணீரும். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை அவள். அன்று வேறு வழியில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு தாண்டினாள்.

உள்ளே தரை காய்ந்திருந்தது.

சுத்தமாக இருந்தது. ஒரு ஈ இல்லை. வாடையும் இல்லை. பச்சை வர்ணம் அடித்த கதவு, சாய்ந்து நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஓர் இடமா? சந்தோஷப்படுவதற்குப் பதில் அவளுக்கு ஏனோ மேல் குளிர்ந்தது.

தாழ்ப்பாள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, என்ன செய்வதென்று நின்றாள். வெளியே செருப்புச் சத்தம். சரக்... சரக்...

"நீ இரி. நான் புடிச்சுக்கிடுதேன்."

கதவின் விளிம்பில் நாலு விரல்கள் வளைந்து பற்றின.

"யாருட்டி? பஸ்ஸுக்குப் போகலையா?"

யாரோ ஒருத்தி நின்றாளே என்று பொன்செல்விக்குக் கண் கலங்கியது. அவசரமாக முடித்து எழுந்தாள்.

"ஆச்சு. விடு."

விரல்கள் விடவில்லை.

"விடுட்டி. பஸ்ஸு போயிரும்."

களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு இன்னொன்று. அது வேறு குரல். மூன்றாவதாகவும் ஒன்று.

"நடிக்கா. விட்டுறாத."

"நல்லா இழுத்துப் புடி."

தெரிந்த குரல் ஒன்றுகூட இல்லை.

கதவின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். அசையவில்லை. கறுப்புத் தண்ணீரின் வாடை மெல்ல உள்ளே ஏறியது. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு முறை... இரண்டு முறை...

அவள் கத்தினாள். வெளியே சிரிப்பு கூடியது.

கால் மேல் ஏதோ ஊர்ந்தது. ஜில்லென்று... நீளமாக...

குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள்.

அவற்றுக்குக் கீழே... இன்னும் இரண்டு கைகள்.

சின்னக் கைகள். அழுக்கேறிய கண்ணாடி வளையல். உள்ளே இருந்து... அவளோடு சேர்ந்து... கதவை இழுத்துக்கொண்டிருந்தன.

காதருகே மூச்சு.

"யக்கா... விடச் சொல்லுக்கா..."

"ஏட்டி! அங்கன என்ன செய்யுத? எதப் புடிச்சு இழுக்க?"

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. வாட்ச்மேன் தாணுமாலையன். கேட்டைப் பூட்ட வந்தவர் அலறல் கேட்டு ஓடி வந்திருக்கிறார். பொன்செல்வி கணுக்கால் வரை கறுப்புச் சேற்றில் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் எதிரே வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. சுவரில் துருப்பிடித்த இரண்டு கீல்கள்.

கதவே இல்லை.

அவர் சைக்கிளில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டபோது மணி எட்டு. அப்பா மறுநாள் புத்தகப் பையைப் பரண் மேல் தூக்கிப் போட்டார்.

பத்து நாள் கழித்து சாரம்மாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். "நல்லாப் படிக்கிற புள்ள, அண்ணாச்சி. பரீட்சைய மட்டுமாவது எழுத விடுங்க. பஸ்ஸுக்கு நான் பொறுப்பு" என்றார். அப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. பரணைப் பார்த்தார்.

"அன்னைக்கு என்னதான்டி ஆச்சு?" என்று டீச்சர் காப்பியை எடுத்தபடி கேட்டார்.

சொன்னாள். கதவு, விரல், சிரிப்பு எல்லாம்.

டீச்சர் கை டம்ளரோடு நின்றது.

"வெளிய... எத்தன குரலு?"

"மூணு, டீச்சர்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்தார். பரீட்சையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார். அப்பா அவர் போவதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அவ்வளவுதான் அவங்க பொறுப்பு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். அம்மாவும் எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்தவள்.

"செல்லக்கிளின்னு ஒரு புள்ள. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரி. எல்லாருக்கும் கதவப் புடிப்பா, அவளுக்கு யாரும் புடிக்கமாட்டாளுவ. ஒரு நாள் நாங்க புடிக்கோம்னு கூட்டிட்டுப் போனாளுவ. உள்ள பாம்பு. அந்தப் புள்ள கெடந்து கத்துது, நடிக்கான்னு இவளுவ விடவே இல்ல. கதவத் தெறக்கையில உசுரு இல்ல. பெறவு பள்ளிக்கூடத்துல கதவக் கழத்துனாங்க. வேற ஒண்ணும் செய்யல."

"மூணு பேரும் என்ன ஆனாங்கம்மா?"

"மூணு இல்ல. புடிச்சது நாலு பேரு. ஒருத்தி பிரசவத்துல போனா. ஒருத்தி ஏரல் ஆத்துல. இன்னொருத்தி போன கார்த்திகையிலதான் தூக்குல தொங்குனா."

"நாலாவது?"

அம்மா கீழே இருந்த டம்ளரை விரல் நுனியால் தூக்கினாள். மிச்சக் காப்பியைச் சாக்கடையில் ஊற்றினாள்.

"இதக் குடிக்காமப் போனாள்ல... அவதான்."