முன்வரிசையில் இரண்டு இடம்

கடைத்தெருவின் கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்கு ஐம்பத்தொரு வயது. கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் அவரும் ஒரு பஸ் டிரைவரும் பதினான்கு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். தூரத்துச் சொந்தம், வாடகைக்கு இருப்பவர் என்றெல்லாம் அவர் கதை கட்டியதில்லை. யாராவது கேட்டால், "என் துணை" என்பார். கேட்டவர்தான் பேச்சை மாற்ற வழி தேடுவார்.

முப்பத்து நான்கு வயதில், கல்யாணப் பேச்சை எடுத்த அப்பாவிடம், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று நேராகவே சொல்லிவிட்டார். விஷயம் குடும்பம் போய்வந்த வழிபாட்டு சபைக்கு எட்டியது. அவரை நீக்கிவிட்டதாக ஒரு கடிதத்தை மேடையிலேயே வாசித்தார்கள். 'தொற்று' என்று ஒரு சொல் அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் அக்கா கணவரும் ஒருவர். அதன் பிறகு அவர் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காதான் மாமா குளிக்கப் போகும் நேரம் பார்த்து போன் செய்வாள்.

வருடங்கள் போகப் போக சட்டம் மாறியது, டிவியில் பேச்சு மாறியது. முன்பு எதிர்ச் சாரியில் நடந்தவர்கள் கடைக்குள்ளேயே வந்து, "உங்க தைரியம் யாருக்கு வரும்!" என்றார்கள். பிறர் முறைப்பது அவருக்குப் பழகியிருந்தது. இந்தச் சிரிப்புதான் உறுத்தியது. இவருக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டும் என்று மனம் துருவிக்கொண்டே இருக்கும்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் சபையின் புதிய தலைவர் கண்ணாடியின் ஸ்க்ரூ கழன்றுவிட்டதென்று வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது.

"இந்த வாரக் கூட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். முன்வரிசைல இடம் போட்டு வெக்கிறேன்."

"சபை முடிவு பண்ணிடுச்சா, இல்ல நீங்களா கூப்பிடுறீங்களா?"

"காலம் மாறிடுச்சு சார்" என்று சிரித்தார் தலைவர். கேட்டதற்கு அது பதில் இல்லை.

சாப்பிடும்போது டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சந்தோஷப்பட்டார்.

"மரியாதையா கூப்பிட்டா போக வேண்டியதுதானே? உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். நான் உப்புப் போட்டேனான்னுகூட ரெண்டு தடவை கேப்ப."

"பதினேழு வருஷமா கூப்பிடாதவங்க இப்ப ஏன் கூப்பிடுறாங்க?"

அன்று மாலையே அக்காவிடமிருந்து போன். "வாடா. மாமாவும் ஒண்ணும் சொல்லல." குளியலறைச் சத்தம் கேட்கவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று தோன்றியதும், அவர் சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

விடை இரண்டு நாளில் தானாக வந்தது. சபை உறுப்பினரான ரிட்டயர்டு கணக்கு டீச்சர் கண் பரிசோதனைக்கு வந்தாள். சோதனை ஃபிரேமை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்தவள், மூன்றாவது வரியில் நிறுத்தினாள்.

"உங்களை மாதிரி ஆளுங்களைச் சேக்கலாமா வேண்டாமான்னு இந்த வாரம் ஓட்டெடுப்பு. அதுக்குத்தான் உங்களை முன்னால உக்கார வெக்கப் போறாங்க. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே யாரும் வேண்டாம்னு கை தூக்க மாட்டாங்களாம்."

"நீங்க?"

"நான் வேண்டாம்னுதான் தூக்குவேன். எனக்கு மனசு ஒப்பல. ஆனா உங்களுக்குத் தெரியாம இப்படிச் செய்யறது தப்பு. அடுத்த வரி வாசிக்கட்டுமா?"

அவர் லென்ஸை மாற்றினார். பல வருடங்களில் சபைக்காரர் ஒருவர் சொன்னதை அவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் முறை.

மறுநாள் தலைவரின் அறைக்கே போய்க் கேட்டார்.

"சொன்னா வர மாட்டீங்கன்னு பயந்தேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அந்தக் கடிதம் எழுதினவங்களும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. நான் வரேன். ஆனா பின்னாலதான் உக்காருவேன். நான் வந்திருக்கேன்னு மைக்ல சொல்லக் கூடாது."

அன்று இருவரும் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார்கள். சேர்க்கலாம் என்று முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று இருபத்தாறு. டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்து, ஒளிக்காமல் கையை உயர்த்தினாள். மாமாவின் இரண்டு கைகளும் கடைசிவரை மடியிலேயே இருந்தன.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரின் தோளுக்கும் மேலாக, இந்தக் கை எதற்கு உயர்ந்தது என்றே அவர் யோசித்தார். மாமா கிட்டே வந்து, "சாப்பிட வாங்க, ரெண்டு பேரும்" என்றார்.

"நீங்க ஏன் கை தூக்கல மாமா?"

மாமா தன் கைகளைப் பார்த்தார். "தெரியலப்பா" என்றார். அந்தப் பதிலில் பூச்சு எதுவும் இல்லை. மறுவாரம் இருவரும் போனார்கள். அக்கா பரிமாறும்போது அழுதாள். மாமா பெரும்பாலும் டிரைவரிடம் பஸ் தடங்களைப் பற்றியே பேசினார்.

டிரைவர் அந்த மாதமே சபைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதினார். கடைக்காரர் எழுதவில்லை. வாராவாரம் போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தலைவர் பேனாவை நீட்டும்போதெல்லாம், "முதல்ல அந்தக் கடிதம் தப்புன்னு அதே மேடைல வாசிங்க" என்கிறார். கமிட்டி பேசிக்கொண்டிருக்கிறதாம்.