தயிர் சாதம் சாப்பிடாத பறவை

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை. அந்த வீட்டுப் பெண்ணான நான்தான் ஒரு ராஜாளிக் கழுகை முயல் பிடிக்கப் பழக்கினேன். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு, நான் சனி ஞாயிறுகளில் வேலை செய்யும் பறவை மீட்பு மையத்துக்கு வந்தது அது. தானாக வேட்டையாடினால்தான் அதை வெளியே விட முடியும்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "முயலைக் கொல்லக் கத்துக்குடுக்கறயா? பாவம்டி."

"வானத்துல பாத்துக் கன்னத்துல போட்டுக்கறயே கருடன், அது என்ன தயிர் சாதமா சாப்பிடறது?" என்றேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. ஊருக்கு வெளியே, வறண்ட ஏரியில், முதல் முயல் புதரிலிருந்து பாய்ந்ததும் என் கை இறுகிவிட்டது. கழுகின் காலில் கட்டிய தோல்வாரை நான் விடவில்லை. பறக்கப் போன பறவை என் கையுறையிலிருந்து தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது.

மையத்து டாக்டர் இம்ரான் அதைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க பாவம் பாத்தா, இது கூண்டுலதான் கெடக்கணும்."

அடுத்த முயலுக்கு வாரை விட்டேன். புழுதி அடங்கியபோது கழுகு இரையை மூடிச் சிறகு விரித்து நின்றது. வழக்கம்போலக் கையுறையில் கறித்துண்டை வைத்து விசிலடித்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி அதற்கு நான் வேண்டாம்.

வீட்டு வாசலில் அம்மா என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தாள். "கையை அலம்பிண்டு உள்ள வா."

அலம்பினேன், அழுக்குப் போக. அன்று நான் செய்த பாவம் ஒன்று உண்டென்றால், அது முதல் முயலைத் தப்பவிட்டதுதான்.